அத்தியாயம் 7: வீடு வந்து சேரும் விலை

சென்னைக் கடை ஒன்றின் இணையதளத்தில் ஒரு குர்தா செட் 180 பவுண்டு என்று போட்டிருக்கிறது. அனுப்பும் செலவு 20. பணம் கட்டும்போது உங்கள் கணக்கிலிருந்து போவது 200 பவுண்டு. அதே பெட்டி லண்டனிலோ பர்மிங்காமிலோ இருக்கும் உங்கள் வீட்டுக்குள் வரும்போது மொத்தச் செலவு 276 பவுண்டு 80 பென்ஸ் ஆகியிருக்கும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, தபால்காரரும் கூட்டிச் சொல்லவில்லை. நடுவில் மூன்று கட்டணங்கள் ஏறியிருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கப் பழகிவிட்டால் பணம் கட்டுவதற்கு முன்பே கடைசித் தொகையை நீங்களே ஒரு காகிதத்தில் போட்டுவிடலாம்.

முதலாவது சுங்க வரி. பெரும்பாலான ஆடைகளுக்கு பிரிட்டனின் பொது விகிதம் 12 சதவீதம். இதைப் பொருளின் விலைக்கு மட்டும் போடுவதில்லை. அனுப்பும் செலவு, காப்பீடு கட்டியிருந்தால் அது, எல்லாவற்றையும் கூட்டித்தான் போடுகிறார்கள். ஆக 200க்கு 12 சதவீதம், 24 பவுண்டு. இரண்டாவது வாட் வரி, 20 சதவீதம். இதை 200க்குப் போட்டால் 40 தானே என்று நினைப்போம். அப்படியில்லை. சுங்க வரியையும் சேர்த்த 224க்குத்தான் வாட் கணக்கு: 44 பவுண்டு 80 பென்ஸ். வரிக்கு மேல் வரியா என்று கேட்டால், ஆமாம், வரிக்கு மேல் வரிதான். மூன்றாவது, இந்தப் பணத்தை அரசுக்கு முன்கூட்டிக் கட்டி உங்களிடம் வசூலிக்கும் வேலைக்காகத் தபால் நிறுவனம் எடுக்கும் கையாளும் கட்டணம். ராயல் மெயில் நெடுங்காலமாக வாங்குவது 8 பவுண்டு. பார்சல்ஃபோர்ஸும் தனியார் கூரியர்களும் இதைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள். பெட்டியின் மதிப்பு சிறியதாக இருக்கும்போது உண்மையில் உறைப்பது இந்த மூன்றாவது கட்டணம்தான்.

ரூபாயில் விலை போட்டிருந்தால், பவுண்டுக்கு மாற்றுவது உங்கள் வங்கியின் விகிதப்படி அல்ல. எச்எம்ஆர்சி எனப்படும் வருவாய், சுங்கத் துறை மாதந்தோறும் தனக்கென ஒரு மாற்று விகிதம் வெளியிடுகிறது. சுங்கக் கணக்கில் சில்லறை வித்தியாசம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

135 பவுண்டு என்னும் கோடு

பிரிட்டனில் இறக்குமதிக் கணக்கு முழுவதும் ஓர் எண்ணைச் சுற்றியே நிற்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பொருள்களின் மொத்த மதிப்பு 135 பவுண்டு அல்லது அதற்குக் கீழே இருந்தால் சுங்க வரி கிடையாது. வாட் உண்டு; ஆனால் அதைக் கடைக்காரரே விலையோடு சேர்த்து வாங்கி அரசுக்குக் கட்டிவிட வேண்டும். அமேசான், ஈபே, எட்சி போன்ற சந்தைத் தளங்கள் வழியாக வாங்கினால் அந்தப் பொறுப்பு தளத்துடையது. வாசலில் தபால்காரர் எதுவும் கேட்கக் கூடாது, கையாளும் கட்டணமும் வராது. மதிப்பு 135ஐத் தாண்டினால் சுங்க வரி, வாட், கையாளும் கட்டணம் மூன்றும் இங்கே வந்து இறங்கிய பிறகு உங்கள் தலையில் விழும்.

இந்த ஏற்பாடு 1.1.2021 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் 15 பவுண்டு வரையிலான பெட்டிகளுக்கு வாட்டே இல்லை. அதற்கும் முன் அந்த வரம்பு 18. அந்தச் சலுகையை நம்பியே ஜெர்சி, கெர்ன்சி தீவுகளில் கிடங்கு போட்டு, சிடியும் டிவிடியும் ஒவ்வொன்றாக உறையில் போட்டு பிரிட்டனுக்கு அனுப்பும் பெரிய வியாபாரம் வளர்ந்தது. உள்ளூர் இசைத்தட்டுக் கடைகள் அதனோடு போட்டியிட முடியாமல் புலம்பின. 2012 ஏப்ரலில் அந்தத் தீவுகளுக்கும், 2021இல் எல்லோருக்கும் சலுகை போனது. இப்போது சட்டப்படி 3 பவுண்டு தொலைபேசி உறைக்கும் வாட் உண்டு. விலைக்குள் அடங்கியிருப்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான்.

சிக்கல் வருவது சின்னக் கடைகளில். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து இணையத்தில் விற்கும் ஒரு சிறு வியாபாரி, பிரிட்டனில் வாட் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதையே அறியாதவராக இருக்கலாம். ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த விலையில் பிரிட்டன் வாட் சேர்ந்திருக்கிறதா, நான் இங்கே கட்ட வேண்டுமா?" பதில் தெளிவாக வந்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். "அதெல்லாம் ஒன்றும் வராது" என்று வந்தால், வரும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

இலவச டெலிவரி எப்போதும் இலவசமல்ல

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

135 என்ற வரம்பைப் பார்க்கும்போது, பில்லில் தனியாகக் காட்டிய அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் வாட்டையும் சேர்ப்பதில்லை. வெறும் பொருளின் மதிப்பு மட்டுமே கணக்கு. ஆனால் கடை "ஷிப்பிங் இலவசம்" என்று சொல்லி அந்தச் செலவைப் பொருளின் விலைக்குள் ஏற்றி வைத்திருந்தால், பில்லில் பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. முழுத் தொகையும் பொருளின் மதிப்பாகிவிடும்.

கணக்கில் பாருங்கள். ஒரு கடை ஆடையை 130 பவுண்டுக்கும் அனுப்பும் செலவை 25க்கும் தனித்தனியாகப் போடுகிறது. பொருள் மதிப்பு 130, கோட்டுக்குக் கீழே. சுங்க வரி இல்லை. வாட் மட்டும் 155க்கு 20 சதவீதம், 31 பவுண்டு; அதையும் கடையே வாங்கிவிடும். இன்னொரு கடை அதே ஆடையை 155 பவுண்டு, ஷிப்பிங் இலவசம் என்று விற்கிறது. இப்போது மதிப்பு 155. சுங்க வரி 18.60, அதோடு சேர்த்து வாட் 34.72, ராயல் மெயிலுக்கு 8. மொத்தம் 61 பவுண்டு 32 பென்ஸ். இரு கடைகளும் கேட்பது ஒரே 155தான். உங்கள் கையிலிருந்து போவதில் 30 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். இலவசம் என்ற சொல்லைக் கண்டால் கடைக்காரரிடம் அனுப்பும் செலவைப் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பலர் செய்து தருவார்கள்.

ஒரே பெட்டியில் எத்தனை பொருள் போட்டாலும் வரம்பு பெட்டிக்குத்தான், பொருளுக்கு அல்ல. 90 பவுண்டு ஆடை இரண்டை ஒரே பெட்டியில் வரவழைத்தால் 180. பொங்கலுக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று என்று தேவை தனித்தனியாக இருந்தால் வாங்குவதும் தனித்தனியாக இருக்கட்டும்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு

சுங்க வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். கைபேசி, மடிக்கணினிக்குப் பூஜ்யம். வாட் மட்டும் உண்டு. ஆடைகளுக்குப் பெரும்பாலும் 12. அரசின் இணையதளத்தில் "ட்ரேட் டாரிஃப்" என்ற பகுதியில் பொருளின் பெயரையும் அது வரும் நாட்டையும் கொடுத்தால் விகிதம் தெரியும். இலவசம்தான், வணிகர்களுக்கென்று செய்ததால் மொழி கொஞ்சம் கடினம், ஆனால் நமக்கும் பயன்படும். மது, புகையிலை இரண்டுக்கும் எந்த வரம்பும் பொருந்தாது; எவ்வளவு சிறிய பெட்டியானாலும் வரி உண்டு.

நம் வாசகர்களுக்கு நல்ல செய்தி புத்தகங்களில் இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்துக்குச் சுங்க வரி பூஜ்யம், வாட்டும் பூஜ்யம். சென்னைப் பதிப்பகம் ஒன்றிலிருந்து 200 பவுண்டுக்கு நாவல்களும் கவிதைத் தொகுப்புகளும் வரவழைத்தாலும் இங்கே ஒரு பென்ஸ் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதே பெட்டியில் டைரி, வெற்று நோட்டுப் புத்தகம், நாள் கிழிக்கும் காலண்டர் வைத்தால் அவற்றுக்கு 20 சதவீத வாட் உண்டு. புத்தகம்போல இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவை எழுதுபொருள். ஆண்டுத் தொடக்கத்தில் ஊரிலிருந்து காலண்டர் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் அதைப் புத்தகப் பெட்டியில் திணிக்காமல் இருப்பது நல்லது. படிவத்தில் "அச்சிட்ட புத்தகங்கள்" என்றே எழுதச் சொல்லுங்கள். "பொருட்கள்" என்று பொதுவாக எழுதிய பெட்டிக்கு அதிகாரி வாட் போட்டுவிட்டால், அதைத் திரும்ப வாங்கும் அலைச்சல் உங்களுடையது.

சிறு பிள்ளைகளின் உடைகளுக்கும் வாட் கிடையாது. ஆகவே குழந்தையின் பட்டுப்பாவாடைக்கு ஒரு கடை 20 சதவீத வாட் சேர்த்திருந்தால் கேளுங்கள். ஆனால் சுங்க வரிக்கு இந்தச் சலுகை இல்லை. பெட்டி 135ஐத் தாண்டினால் பாவாடை என்றாலும் வேட்டி என்றாலும் சுங்கம் உண்டு.

பலர் தடுக்கி விழும் இன்னோர் இடம், பொருள் எங்கே உற்பத்தியானது என்பது. ஐரோப்பிய ஒன்றியத்தோடு வரியில்லா ஒப்பந்தம் இருக்கிறதே என்று ஜெர்மன் கடையில் 150 பவுண்டுக்குக் காலணி வாங்குகிறோம். காலணி சீனாவில் தைத்தது என்றால் ஒப்பந்தம் உதவாது. கடை எங்கே இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை, பொருள் எங்கே பிறந்தது என்பதையே பார்க்கிறார்கள். இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே 24.7.2025 அன்று கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்துக்கும் இதே தர்க்கம்தான்: சலுகை விகிதம் இந்தியாவில் உற்பத்தியானதற்குச் சான்று உள்ள பொருளுக்கே. வாங்கும் நாளில் எந்த விகிதம் நடப்பில் இருக்கிறது என்பதை ட்ரேட் டாரிஃபில் பார்த்துவிடுங்கள். வாட்டை எந்த வர்த்தக ஒப்பந்தமும் குறைப்பதில்லை.

அம்மா அனுப்பும் பெட்டி

அன்பளிப்புக்குத் தனி விதி. 39 பவுண்டு வரை மதிப்புள்ள அன்பளிப்புக்கு வாட் இல்லை, சுங்கமும் இல்லை. 39ஐத் தாண்டினால் வாட். மிஞ்சிய தொகைக்கு மட்டுமல்ல, முழு மதிப்புக்கும். 135ஐத் தாண்டி 630 வரை சுங்க வரியை ஒரே விகிதமாக, 2.5 சதவீதமாகவே போடுவார்கள். சில பொருள்களுக்கு அதைவிடக் குறைவு. கடையில் வாங்கினால் 12 சதவீதமாகும் ஆடை, அன்பளிப்பாக வந்தால் 2.5 மட்டுமே.

அன்பளிப்பு என்பதற்கு நிபந்தனைகள் உண்டு. தனிநபர் ஒருவர் இன்னொரு தனிநபருக்கு அனுப்பியிருக்க வேண்டும். பிறந்தநாள், திருமண நாள், தீபாவளி போல ஏதாவது ஒரு சந்தர்ப்பம் இருக்க வேண்டும். சொந்த உபயோகத்துக்கானதாக இருக்க வேண்டும். படிவத்திலும் அப்படிக் குறித்திருக்க வேண்டும். கடையே நேராக அனுப்பினால் அன்பளிப்பு ஆகாது. நீங்கள் பணம் அனுப்பி, "தம்பி, நீ வாங்கி எனக்குப் போட்டு விடு" என்று சொன்னாலும் ஆகாது. அது உங்கள் கொள்முதல்தான்.

ஒரு வசதி பலருக்குத் தெரிவதில்லை. ஒரே பெட்டியில் வீட்டில் உள்ள நான்கு பேருக்கும் அன்பளிப்பு வந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 39 பவுண்டுச் சலுகை கிடைக்கும். அதற்கு மூன்று வேலை செய்திருக்க வேண்டும்: ஒவ்வொன்றும் தனியாகச் சுற்றப்பட்டிருக்க வேண்டும், மேலே பெறுபவரின் பெயர் இருக்க வேண்டும், சுங்கப் படிவத்தில் தனி வரியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஊரில் அம்மாவிடமோ அண்ணனிடமோ தொலைபேசியில் இதை ஒரு தடவை விளக்கிவிடுங்கள்.

அந்தப் படிவம் பார்சலின் மேல் ஒட்டும் சிஎன்22. மதிப்பு ஏறத்தாழ 270 பவுண்டுக்கு மேல் போனால் பெரியது, சிஎன்23. தபால் நிலையக் கவுண்டரில் அவசரத்தில் நிரப்பும் சின்னக் காகிதம்தான், ஆனால் இங்கே இறங்கியதும் அதிகாரி முதலில் படிப்பது அதைத்தான். லண்டன் ஹீத்ரோ அருகே லாங்லியில் உள்ள ராயல் மெயில் மையத்தில் குவியும் பெட்டிகளில், எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எழுதியது தெளிவாக இருந்தால் பெட்டி நகரும். "துணி" என்று எழுதுவதற்குப் பதில் "பெண்கள் பருத்திக் குர்தா 2, விலை இவ்வளவு" என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

வரியோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெய், பால்கோவா, குழம்பில் போட என்று ஆட்டிறைச்சி வற்றல், இப்படி எது வந்தாலும் யோசியுங்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் இறைச்சியும் பால் பொருள்களும் தபாலில் வரக் கூடாது. வரி கட்டினாலும் விடமாட்டார்கள், எடுத்து அழித்துவிடுவார்கள். அம்மாவுக்கு வருத்தம்தான். முறுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

சாம்பல் அட்டை

கட்டணம் கட்ட வேண்டிய பெட்டி வந்தால் ராயல் மெயில் வாசலில் ஒரு சாம்பல் நிற அட்டை போடும். சுங்கம் எவ்வளவு, வாட் எவ்வளவு, கையாளும் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். இணையத்தில் கட்டலாம், டெலிவரி அலுவலகத்துக்கு நேரில் போயும் கட்டலாம். ஏறத்தாழ 3 வாரம் வைத்திருப்பார்கள். அதற்குள் கட்டாவிட்டால் பெட்டி வந்த வழியே திரும்பும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் ஏதேனும் ஆர்டர் செய்திருந்தால் பக்கத்து வீட்டாரிடம் அட்டையைப் பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டுப் போங்கள்.

"உங்கள் பார்சலுக்கு 1.99 பவுண்டு பாக்கி, இந்த இணைப்பைத் தொடுங்கள்" என்று வரும் குறுஞ்செய்திகள் மோசடி. எதையாவது எதிர்பார்த்துக் காத்திருக்கும் வேளையில் வருவதால்தான் படித்தவர்களும் அகப்படுகிறார்கள். உண்மையில் சுங்கக் கட்டணம் இருந்தால் ராயல் மெயில் அந்த அட்டையையும் கட்டாயம் போடும். அட்டை இல்லாமல் வந்த செய்தியைத் தொடாதீர்கள். அட்டையில் உள்ள எண்ணை நீங்களே ராயல் மெயில் தளத்தில் தட்டிப் பார்த்துக் கட்டுங்கள்.

தனியார் கூரியர்களின் வழி வேறு. சிலர் பெட்டியைக் கொடுப்பதற்கு முன் கேட்பார்கள். சிலர் முதலில் கொடுத்துவிட்டு வாரங்கள் கழித்து பில் அனுப்புவார்கள். அது மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போட்டால் பின்னால் தாமதக் கட்டணமும் சேரும். ஆகவே கூரியர் பில் வந்தால் அதிலுள்ள பார்சல் எண்ணை உங்கள் ஆர்டரோடு ஒப்பிடுங்கள். கடை "வரி எல்லாம் எங்கள் பொறுப்பு" என்று விற்றிருந்தும் பில் வந்தால், அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தீர்களானால் கடைக்காரரிடம் திரும்பக் கேட்க வசதி.

தவறாக வரி போட்டிருக்கிறார்கள் என்று தோன்றினால், அல்லது பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால், கட்டியதைத் திரும்பக் கேட்கலாம். ராயல் மெயில், பார்சல்ஃபோர்ஸ் வழி வந்ததற்கு பிஓஆர் 286 என்ற படிவம். கூரியர் வழி வந்ததற்கு சி285. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சிஎன்22ஐயும் கட்டணச் சீட்டையும் கிழித்து எறிந்துவிட்டால் கோரிக்கைக்கு ஆதாரமாகக் காட்ட ஒன்றுமில்லை, எனவே பொருள் பிடித்துவிட்டது என்று உறுதியாகும் வரை அட்டைப்பெட்டியை வைத்திருங்கள். 135க்குக் கீழே கடைக்கே வாட் கட்டியிருந்தால் அரசிடம் போக வேண்டாம்; கடைதான் திருப்பித் தர வேண்டும். கையாளும் கட்டணம் பொதுவாகத் திரும்பாது.

விலையைக் குறைத்து எழுதும் கடைகள்

"கவலைப்படாதீர்கள் அக்கா, 20 பவுண்டு கிஃப்ட் என்று போட்டு அனுப்புகிறோம்" என்று கடைக்காரர் அன்போடு சொல்வார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பிடிபட்டால் பெட்டியைப் பறிமுதல் செய்யலாம், போவது உங்கள் பொருள். பிடிபடாமல் வழியில் தொலைந்தால்? இழப்பீடு படிவத்தில் எழுதிய 20 பவுண்டுக்குத்தான். 180 பவுண்டு ஆடைக்கு 20 பவுண்டு வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். இந்தச் "சலுகை"யால் கடைக்கு ஒரு நட்டமும் இல்லை என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

வரப்போகும் மாற்றம்

சிறு பெட்டிகளுக்குச் சலுகை தரும் காலம் உலகெங்கும் முடிந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா 800 டாலர் வரை விட்டிருந்த வரிவிலக்கை 29.8.2025 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அந்த வாரங்களில் இந்தியா போஸ்ட் உட்படப் பல நாட்டுத் தபால் துறைகள் அங்கே பார்சல் எடுப்பதையே நிறுத்தி வைத்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 150 யூரோவுக்குக் கீழான பெட்டிகளுக்கு 1.7.2026 முதல் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 3 யூரோ சுங்கம் என்று முடிவெடுத்தார்கள். பாரிஸிலும் டோர்ட்முண்டிலும் இருக்கும் உறவினருக்கு ஆர்டர் போடுபவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். வட அயர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியப் பொருள்களுக்கு விதி வேறு. இந்த அத்தியாயம் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றுக்கும் உரியது.

பிரிட்டனிலும் 135 பவுண்டுச் சுங்க விலக்கை எடுத்துவிடப்போவதாக 2025 நவம்பர் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். அதிகபட்சம் 2029 மார்ச். அது நடப்புக்கு வந்ததும் இந்த அத்தியாயத்தில் கடைகளுக்கான 135 என்று வரும் இடங்களை அடித்துவிட்டு, அன்றைய விதியை அரசின் தளத்தில் பார்த்து ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.